நெஞ்சுக்குப் போய்த் திரும்பும் நரம்பு

என் குரலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் எங்கள் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், இந்தப் பெண்ணுக்குத் தொண்டை கொஞ்சம் அதிகம் என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். கணவர் இறந்தபின், அவர் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நான் போய் நின்றபோது, இந்தக் குரல் எடுபடாது, ரொம்ப மெல்லிசு என்றார்கள். ஒரே தொண்டைதான். வீட்டுக்கு அதிகமாகவும் துறைமுகத்துக்குக் குறைவாகவும் இருந்திருக்கிறது. இரண்டு பேச்சையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏலம் போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் போடுகிறவர் முன்னால் கொட்டுவார்கள். சங்கராவோ பாறையோ வஞ்சிரமோ, பார்த்த பார்வையில் ஒரு விலையைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். சுற்றி நிற்கும் வியாபாரிகளில் ஒருவர் தலையை அசைப்பார், ஒருவர் விரலைத் தூக்குவார், சிலர் புருவத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதையெல்லாம் பிடித்து விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஐஸ் உடைக்கிற இயந்திரம், லாரிகளின் ஹாரன், பக்கத்திலேயே நடக்கும் இன்னொரு ஏலம், இத்தனைக்கும் மேலே குரல் நிற்க வேண்டும். நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். தமிழ் படித்துவிட்டு மீன் விலை கூவுகிறாளே என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். தமிழில்தானே கூவுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடம் தனக்கு வந்திருக்க வேண்டும் என்று என் கொழுந்தனாருக்கு ஓர் எண்ணம். கணவருக்கு நேர் இளையவர். அண்ணன் ஏலம் போட, இவர் எடை பார்த்து லாரியில் ஏற்றுவார். அண்ணன் போன பிறகும் அதையேதான் செய்தார், எனக்கு இடப்பக்கத்தில் தராசோடு நின்றுகொண்டு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகளைக் கல்லூரியில் சேர்க்க வெயிலில் அலைந்தவர் அவர்தான். ஆனால் நான் சொல்லும் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் நின்று உதட்டைச் சுழிப்பார். அண்ணன் இருந்தால் இதைவிடக் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று அதற்கு அர்த்தம்.

இந்தத் தொழிலில் குரல் உடைவது ஒரு பட்டம் வாங்குகிற மாதிரி. என் கணவரின் குரல் கரகரவென்று இருக்கும். துறைமுகத்தில் பெயர் வாங்கிய ஏலக்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான். அதனால் ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு என் குரல் கரகரக்கத் தொடங்கியபோது ஒருவரும் என்னை டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. மாறாக, வாழ்த்தினார்கள். எப்போதும் என்னிடம் வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், "இப்பத்தாங்க உங்களுக்கு அண்ணன் குரல் வந்துருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கரகரப்பை ரசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கோ, கோயிலில் பாடுகிறவருக்கோ இது வந்திருந்தால் அடுத்த வாரமே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார்கள். நாங்கள்தான் நோயைப் பதவி உயர்வு என்று நினைத்துக்கொள்கிற ஆட்கள்.

கரகரப்பு போய்க் குரல் காற்றாக இறங்கத் தொடங்கியபோதுதான் கைவைத்தியம் ஆரம்பமானது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று மென்றதில் நாக்குதான் மரத்துப்போனது. பிப்ரவரித் தொடக்கத்தில் எங்கள் மாதா கோயிலில் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுப்பார்கள். இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காகக் கட்டி, கழுத்தின் இரு பக்கமும் படும்படி வைத்து, பங்குச் சாமியார் செபம் சொல்வார். நானும் வரிசையில் நின்று கழுத்தைக் காட்டிவிட்டு வந்தேன். சாமியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மெழுகுவத்தியை ஒரு சாண் கீழே வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் குடித்தால் புரையேறியது. இருமினால் இருமல் முழுதாக வரவில்லை, புஸ்ஸென்று ஒரு காற்று போனது. ஒருநாள் மாடியில் உயரமாகக் கட்டியிருந்த கொடியில் புடவையை உதறிப் போடுவதற்காக இரண்டு கையையும் தூக்கினேன். முகம் முழுக்க ரத்தம் ஏறிக் கனத்தது, மூச்சு அடைத்தது. பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். கையை இறக்கியதும் சரியாகிவிட்டது. வெயில் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அன்றைக்கே என்னைக் காரைக்காலில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, திரையைப் பார்க்கச் சொன்னார். என் குரலை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். சிவந்த சதைக்கு நடுவே வெள்ளையாக இரண்டு பட்டைகள், குரல்நாண்கள். ஈ என்று சொல்லச் சொன்னார். வலப்பக்கத்துப் பட்டை நடுவுக்கு ஓடி வந்தது. இடப்பக்கத்தது அசையாமல் கிடந்தது. வலது ஒவ்வொரு தடவையும் வந்து, இணையைக் காணாமல் திரும்பிப் போனது. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தொண்டையில் கோளாறு இல்லை, நெஞ்சுக்கு ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடைத்திருப்பது தொண்டை, நெஞ்சை எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று இருந்த குரலை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. இரண்டு கையையும் காதை ஒட்டித் தூக்கி, இறக்கச் சொல்லும்வரை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முகம் கறுத்து மூச்சு முட்டியது. கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி வளர்ந்திருந்தால் இப்படி ஆகும் என்றார். ஸ்கேனிலும் அதுவேதான் தெரிந்தது. வெளியே தெரிகிற மாதிரி என் கழுத்தில் ஒரு வீக்கமும் இருந்ததில்லை. அது கீழ்நோக்கி, யாருக்கும் காட்டாமல் வளர்ந்திருக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் புதுச்சேரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மகளும் கொழுந்தனாரும் கூட வந்தார்கள். எங்களைப் பார்த்த அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நெஞ்சில் கட்டி இருந்தால் குரல் எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கு, ஸ்கேன் வைத்திருந்த உறையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

தலையிலிருந்து வேகஸ் என்று ஒரு பெரிய நரம்பு கழுத்து வழியாக இறங்குகிறது. குரல்வளைக்குப் போக வேண்டிய கிளை, குரல்வளையைத் தாண்டும்போதே பிரிந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இடப்பக்கத்துக் கிளை நேராக நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் அடியில் நுழைந்து, வளைந்து, மறுபடி மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. வலப்பக்கத்துக் கிளை அவ்வளவு தூரம் போவதில்லை. கழுத்தெலும்புக்குக் கிட்ட, கைக்குப் போகும் குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. இரண்டும் வரும் வழியில் தைராய்டின் முதுகை உரசிக்கொண்டுதான் குரல்வளைக்குள் நுழைகின்றன. என் கட்டி இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, அந்தக் கிளையை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எதிரே இருக்கிற இடத்துக்கு எதற்கு இத்தனை சுற்று என்று கேட்டேன். கேட்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது என்பதால், பக்கத்துத் தெரு வேலைக்குக் கூட ஃபைல் அங்கே போய், நடுவில் இன்னொரு மாநிலத்தையே தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதற்குப் பழகிய எனக்கு இந்த நரம்பு ஒன்றும் அதிசயம் இல்லை. டாக்டருக்கு நான் சிரித்தது புரியவில்லை. அவர் ஒழுங்காகக் காரணம் சொன்னார். கருவில் இருக்கும்போது இதயம் கழுத்துக்குப் பக்கத்தில்தான் இருக்குமாம். அப்போது இந்த நரம்பு சுற்றில்லாமல் நேராகத்தான் போகிறதாம். பிறகு இதயம் நெஞ்சுக்குள் இறங்கும்போது ரத்தக்குழாயில் மாட்டிய நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறதாம். அது அறுந்துபோகவில்லை, நீண்டுகொண்டே போயிருக்கிறது. எனக்கு அந்த நரம்பை அப்போதே பிடித்துப்போனது. இன்றுவரை என் உடம்பில் எனக்கு ரொம்பப் பிடித்த உறுப்பு அதுதான்.

அப்புறம் டாக்டர் ஆபத்துகளைச் சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னார். கட்டியை எடுக்காமல் விட்டால் மூச்சுக்குழாயை நசுக்கிவிடும். எடுக்கும்போது முடிந்தவரை கழுத்து வழியாகவே எடுப்பார்கள், வரவில்லை என்றால் நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டியிருக்கும். வலப்பக்கத்து நரம்பு நன்றாக இருக்கிறது. அதில் கை பட்டு அதுவும் போய்விட்டால் இரண்டு பட்டையும் அசையாது, மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருக்கும். தைராய்டின் மேல் நுனிக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. குரலை உயர்த்துவது அதன் வேலை, அதையும் பார்த்துத்தான் போக வேண்டும். இடப்பக்கத்து நரம்பு ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிரித்தெடுக்க நேரமாகும், ரத்தமும் போகலாம். வெட்டிவிட்டால் சுலபம்.

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கொழுந்தனார் வாயைத் திறந்தார்.

"குரல் போனா போவுதுங்க டாக்டர். அண்ணி உசுரோட இருந்தா போதும். இனிமே அவுங்க கத்தி என்ன ஆவப்போவுது?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. போகப்போவது என் குரல். அதைப் போகட்டும் என்று தூக்கிக் கொடுக்க அவருக்கு எப்படி மனசு வந்தது? அவருடைய தராசை யாராவது எடுத்துக்கொண்டு போனால், போனால் போகிறது என்பாரா? கத்துவதாம். அண்ணன் கூவினால் ஏலம், அண்ணி கூவினால் கத்துவது.

நான் எழுந்து நின்றேன். எனக்கு இருந்தது பாதிக் குரல். அதையும் மூச்சு பிடித்துத்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது.

"டாக்டர், அந்த நரம்ப வெட்டாதீங்க. வேலை செய்யாட்டியும் பரவால்ல, அது எடத்துல அது கெடக்கட்டும். என் உடம்பு, நான்தான் சொல்றேன்."

டாக்டர் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்று மாதிரித் தெரியவில்லை, ஆனால் திறந்து பார்த்து வேறு மாதிரி இருந்தால் வெட்டத்தான் வேண்டும் என்றார். அப்படி இல்லாவிட்டால், எவ்வளவு நேரமானாலும் பிரித்துப் பார்க்கிறேன் என்றார். கையெழுத்துப் போட வந்த பேனாவுக்குக் கொழுந்தனாரும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

நல்லவேளையாக மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மீன்கள் முட்டையிடட்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் படகுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஏலமும் இருக்காது. தடைக்காலம் முடிவதற்குள் நான் தேறிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தடை முடிந்து படகுகள் மீனோடு வரும் முதல் நாளில், படகுக்காரர் தன் முதல் கூடையை யார் முன்னால் கொட்டுகிறாரோ அவருக்குத்தான் அந்த வருஷம் முழுக்க அந்தப் படகின் ஏலம். கொட்டியவுடன் விலை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்லலாம். யார் சொன்னாரோ அவருக்கே ஏலம் போய்விடும். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எங்கள் ஏலத்தரையில் யாரும் அதை மீறியதில்லை.

அறுவைச் சிகிச்சை அன்று காலை நான் பயந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது சாவைப் பற்றி நினைக்கவில்லை. பேச முடியாமல் பிழைத்து வருவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் மகளைக் கூப்பிட்டு, அவளுடைய செல்லப் பெயரைச் சொன்னேன். ஒருவேளை அதுவே கடைசியாக இருந்தால் அந்த வார்த்தையாக இருக்கட்டும் என்று.

உள்ளே நடந்ததைப் பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை சொல்லி முடித்ததும் மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னார். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விடும் குழாயில், குரல்நாண்களைத் தொடும் இடத்தில் கம்பி பொருத்தியிருப்பார்களாம். கையில் ஒரு குச்சி மாதிரிக் கருவி. சந்தேகப்படும் இடத்தில் அதை வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால், அது நரம்பாக இருந்தால் குரல்நாண் துடிக்கும், இயந்திரம் சத்தம் போடும். நான் மயங்கிக் கிடந்த நேரத்தில் எனக்குப் பதிலாக அது கத்தியிருக்கிறது. வலப்பக்கத்தில் வைத்தபோதெல்லாம் கத்தியது. நெஞ்சைப் பிளக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்து வழியாகவே விரலை விட்டு, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இடப்பக்கத்து நரம்பு கட்டியின் முதுகில் தட்டையாக ஒட்டிக்கிடந்ததாம். தையல் நூல் அளவு, வெள்ளையாக, மேலே ஓடும் ஒரு பொடி ரத்தக்குழாயால்தான் அடையாளம் தெரிந்ததாம். வெட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வெட்டவில்லை. பிரித்தெடுத்துவிட்டுக் குச்சியை நெஞ்சுப் பக்கம் வைத்தபோது இயந்திரம் ஊமையாக இருந்தது. கட்டி நசுக்கிய இடத்தைத் தாண்டி, குரல்வளைக்குப் பக்கத்தில் வைத்தபோது மெல்ல ஒரு சத்தம் வந்தது.

"நரம்பு சாகலம்மா. நடுவுல அடைபட்டுக் கெடக்கு. வந்தாலும் வரும், வராமலும் போகும். மாசக்கணக்குல ஆகும். அது வர வேண்டிய தூரம் அப்படி" என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் நான் பேசிய முதல் வார்த்தை வெறும் காற்று. மகள் குனிந்து காதைக் கொடுத்தாள். மறுபடி சொன்னேன், மறுபடியும் காற்று. மூச்சு நன்றாக வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் போயிருந்தது. எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அழுகையிலும் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து ரகசியக் குரலில் பேசினார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. கழுத்துத் தழும்பை மறைக்க அகலமான சங்கிலி போடச் சொன்னார்கள், கழுத்து மூடிய ரவிக்கை தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? நான் வழக்கமான ரவிக்கையையே போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.

இதற்கிடையில் கொழுந்தனார் பட்டினச்சேரிக்கும் மண்டபத்தூருக்கும் போய், படகுக்காரர்களிடம் இந்த வருஷம் தானே ஏலம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மகள்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். என்னிடம் வந்து, கஷ்டப்படாமல் உட்கார்ந்து கணக்கு மட்டும் பாருங்கள் அண்ணி என்றார். பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் காப்பி டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

புதுச்சேரியில் குரல் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண், ரொம்பக் கண்டிப்பு. தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசுங்கள் என்றாள். இடது கை விரலால் குரல்வளையின் இடப்பக்கத்து எலும்பை உள்ளே அழுத்திக்கொண்டு பேசுங்கள் என்றாள். அசையாமல் கிடக்கும் பட்டை அப்போது நடுவுக்குத் தள்ளப்படும், ஓடி வரும் வலது பட்டைக்கு அது எட்டும். செய்து பார்த்தேன். காற்றாக இருந்தது குரலாக வந்தது. அழகாக இல்லை. தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆனால் அது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்தது. பேருந்தில் திரும்பும்போது வழியில் வந்த ஊர்ப் பலகைகளையெல்லாம் அந்தக் குரலில் படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு இருக்கைக்கு மாறிவிட்டார்.

அடுப்படியில்தான் பழகினேன். தட்டில் இருக்கும் கத்தரிக்காயை ஏலம் போட்டேன், மகளின் செருப்பை ஏலம் போட்டேன். அவள் வேண்டுமென்றே விலையைக் குறைத்துக் கேட்பாள். அவள் கேட்ட விலைக்குக் கொடுக்காமல் செருப்பை நானே எடுத்துக்கொண்டதும் உண்டு.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், முதல் மீன் வந்த காலை, நான் துறைமுகத்தில் என் இடத்தில் போய் நின்றேன். கொழுந்தனார் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓரடி தள்ளி, தராசுப் பக்கம், என் இடப்பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முழுதாக விலகவில்லை. வியாபாரிகள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பட்டினச்சேரிப் படகுக்காரர் ஒருவர், என் கணவரோடு பழகியவர், முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே கொஞ்சம் தயங்கினார். பிறகு என் முன்னால் கொட்டினார். அது என் கணவருக்குச் செய்த மரியாதை என்று எனக்குத் தெரியும். மரியாதை கூடை கவிழும்வரைதான். அதன்பிறகு விலை வர வேண்டும்.

நல்ல சங்கரா. சிவப்புச் சிவப்பாக, கண் தெளிவாக இருந்தது. விலை என் நாக்கில் தயாராக இருந்தது. பல வருஷப் பழக்கத்தில் வியாபாரிகளை நேராகப் பார்த்து வாயைத் திறந்துவிட்டேன். வெறும் காற்று போனது. ஐஸ் இயந்திரத்தின் சத்தத்தில் அந்தக் காற்றுகூட யாருக்கும் கேட்டிருக்காது. வாய் அசைந்தது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் கொழுந்தனார் மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்டது. கூவுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. அதை நான் அறியாதவளா?

தலையை இடப்பக்கம் திருப்பினேன். அங்கே அவர் முகம் இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. நான் விரலால் குரல்வளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேராக அவர் கண்ணைப் பார்த்து, சங்கராவுக்கு விலை சொன்னேன். கர்ணகொடூரமாக இருந்தது. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது, ஏனென்றால் கடைசி வரிசையிலிருந்துதான் முதல் விரல் எழுந்தது. நான் அடுத்த விலைக்கு ஏறினேன். இடது கை கழுத்தில் இருந்ததால் வலது கையை நீட்டி நீட்டிக் கேட்டேன். வியாபாரிகளை ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டேன், முகம் மட்டும் திரும்பவில்லை. கொழுந்தனாரின் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

ஏலம் முடிந்ததும் அந்த வளைகுடா வியாபாரி, "என்னங்க, தொண்டையப் புடிச்சு சத்தியம் பண்றீங்க, ஐஸுல வெச்ச மீனு இல்லன்னா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். அதற்குள் அடுத்த கூடை என் முன்னால் கவிழ்ந்துவிட்டது.

மாதங்கள் போய்விட்டன. போன தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் திரையில் காட்டினார். வலது வழக்கம்போல ஓடி வந்தது. இடது லேசாகத் துடித்த மாதிரி இருந்தது, அல்லது வலது அசைந்ததில் அப்படித் தெரிந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பட்டையை ஒரேயடியாக நடுவுக்குத் தள்ளிவைக்க ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை இருக்கிறதாம். அடுத்த தடைக்காலத்தில் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நெஞ்சுவரை போய்த் திரும்பி வருகிற நரம்பு. எங்கேயாவது பாதி வழியில் வந்துகொண்டிருக்கும், அவசரப்படுத்த எனக்கு மனசில்லை.

துறைமுகத்தில் நான் இப்போதும் அப்படித்தான் ஏலம் போடுகிறேன். காலை முழுக்க, ஒவ்வொரு கூடைக்கும், ஒவ்வொரு விலையையும் கொழுந்தனாரின் முகத்தைப் பார்த்துத்தான் கூவ வேண்டியிருக்கிறது. அவர் முதலில் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தரையைப் பார்த்தார். உதட்டைச் சுழிப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. போன வாரம் மீனெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்து ஏலம் போடக் கூடாதுங்களா?"

"முடியாது தம்பி. இந்தப் பக்கம் பாத்தாத்தான் எனக்குக் குரல் வருது."

டாக்டரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். மறுநாள் காலை அவர் தராசை எடுத்து வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். லாரி நிற்பது இடப்பக்கம், அங்கிருந்து ஏற்றத் தோதுப்படவில்லை. முதல் கூடை வருவதற்குள் பழைய இடத்துக்கே வந்து நின்றார். நான் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.